குறைந்த வாட், கூரிய முனை: மாதிரி ரயில் வேலைக்குப் பொருந்தாத அறிவுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மாதிரி ரயில் அமைத்து ஓட்டும் பொழுதுபோக்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். நிஜ ரயில் பெட்டிகள் உருவாகும் பெரம்பூரில் குடியிருப்பவனுக்கு, அவற்றின் கையளவு உருவங்களைச் செய்து ஓட்டுகிறவர்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாகப் படிக்கக் கிடைப்பது அரிது. ஆயினும், புதிதாகத் தொடங்குவோர் வாங்க வேண்டிய கருவிகளைச் சொல்லுமிடத்தில், வேலை நுணுக்கமானது என்பதால் வாட் குறைந்ததும் முனை ஊசிபோல் கூரியதுமான சால்டரிங் அயர்ன் (சால்டர் என்னும் கலவை உலோகத்தை உருக்கி உலோகத் துண்டுகளை இணைக்கும் கருவி) ஒன்றே போதும் என்ற பொருளில் ஓர் அறிவுரை இடம்பெற்றிருந்தது. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன், இப்போது ஓய்வில் மாதிரி ரயில் பாதைகளோடு பொழுதைக் கழிப்பவன் என்ற இரு வகையிலும், இந்த அறிவுரை தொடக்கநிலையில் இருப்பவர்களின் பணத்தையும் பொருளையும் ஒருசேரக் கெடுக்கும் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மாதிரி ரயிலில் நுணுக்கம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உலகெங்கும் மிகுதியாகப் புழங்கும் எச்.ஓ. அளவு 1:87 விகிதத்தில் அமைந்தது. அதன் வழக்கமான பாதை அகலம் 16.5 மி.மீ. இடம் குறைந்த அடுக்ககங்களில் விரும்பப்படும் 'என்' அளவு 1:160 விகிதம் கொண்டது. அதன் பாதை அகலம் 9 மி.மீ. மட்டுமே. தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் கோட் எண்ணால் குறிப்பார்கள். கோட் 100 என்றால் 2.54 மி.மீ., கோட் 83 என்றால் ஏறத்தாழ 2.1 மி.மீ., கோட் 55 என்றால் 1.4 மி.மீ. இவ்வளவு மெல்லிய தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகள். இப்பொழுதுபோக்கில் மிகுதியாகப் பயன்படும் பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக்குகள் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த சால்டர் கம்பியோ 183 டிகிரியில்தான் உருகும். இணைப்பு நிகழும் இடம் 183 டிகிரியைத் தாண்ட வேண்டும், அதிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் கட்டை 100 டிகிரியை எட்டக் கூடாது. இந்த இடைவெளிக்குள்தான் முழு வேலையும் நடக்கிறது. எனவே வேலையைக் காப்பாற்றுவது வெப்பத்தின் குறைவு அன்று. வெப்பம் அங்கே தங்கும் நேரத்தின் குறைவுதான்.

வாட் குறைந்த அயர்ன் ஏன் உதவாது என்பது இங்கிருந்து தெளிவாகும். கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 25 வாட் குச்சி வகை அயர்னில் வெப்பநிலையை அளப்பதற்கோ கட்டுப்படுத்துவதற்கோ எந்த ஏற்பாடும் கிடையாது. உள்ளே வரும் மின்சாரமும் காற்றில் இழக்கும் வெப்பமும் சமநிலைக்கு வரும்வரை அது சூடேறிக்கொண்டே போகும். தாங்கியில் சும்மா கிடக்கும்போது அதன் முனை 400 டிகிரியை நெருங்குவதும் தாண்டுவதும் உண்டு. அந்த நிலையில் அதில் ஒட்டியிருக்கும் சால்டர் கருகி, முனை கறுத்துப் போகும். பிறகு அதைத் தண்டவாளத்தில் வைத்தவுடன், சேமித்து வைத்திருந்த சிறிதளவு வெப்பம் உலோகத்துக்குள் இறங்கிவிட, முனையின் வெப்பநிலை சட்டென்று சரியும்; சரிந்ததை மீட்டெடுக்க 25 வாட் போதாது. வேலை செய்பவர் சால்டர் உருகவில்லையே என்று அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ஐந்து நொடி, பத்து நொடி கடந்தபின் சால்டர் உருகும்போது, அருகிலிருக்கும் கட்டைகளும் இளகி, தண்டவாளம் தன் இடத்தைவிட்டு விலகியிருக்கும். பாதை அகலம் அரை மில்லிமீட்டர் மாறினாலே 'என்' அளவில் வண்டி தடம்புரளும்.

இதற்கு மாறாக, 50 முதல் 70 வாட் வரை ஆற்றல் உள்ள, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அயர்னை எடுத்துக்கொள்வோம். அதன் முனைக்கு அருகிலேயே ஒரு வெப்ப உணரி இருக்கும். 340 டிகிரி என்று நாம் வைத்தால், சும்மா இருக்கும்போது அந்த அளவிலேயே நின்று, மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளும். முனை தண்டவாளத்தைத் தொட்டு வெப்பநிலை சரியத் தொடங்கிய கணத்தில், சரிவை உணர்ந்து முழு ஆற்றலையும் செலுத்தும். இணைப்பு ஒன்றிரண்டு நொடிகளில் முடிந்துவிடும். அதாவது வாட் என்பது முனை எவ்வளவு சூடாகும் என்பதற்கான அளவு அன்று. இழந்த சூட்டை எவ்வளவு விரைவில் மீட்கும் என்பதற்கான அளவு. இந்த ஒரு செய்தி தங்கள் கட்டுரையில் இடம்பெற்றிருந்தால் நான் எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

தண்டவாளத்தின் உலோகமும் நமக்குத் துணையாகவே இருக்கிறது. மாதிரி ரயில் தண்டவாளங்கள் பெரும்பாலும் தாமிரம், நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த நிக்கல் சில்வரால் ஆனவை. இந்தக் கலவை வெப்பத்தைக் கடத்தும் திறன் தூய தாமிரத்தின் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே வெப்பம் முனை தொட்ட இடத்திலேயே சிறிது நேரம் தேங்கி நிற்கும். நாம் விரைந்து முடித்துக் கையை எடுத்துவிட்டால் அது கட்டைகளை நோக்கி நகர்வதற்கு முன்பே இணைப்பு குளிர்ந்துவிடும். மெதுவாகச் சூடேற்றினால் இந்த நன்மை முழுவதும் வீணாகும். இரு பக்கத்திலும் ஈரமான பஞ்சையோ சிறிய உலோகக் கவ்விகளையோ வைத்து வெப்பத்தைத் தடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் தவறான அயர்னின் குறையை ஈரப்பஞ்சு ஈடுகட்டாது.

அடுத்தது முனை. நம் கடைக்காரர்கள் பிட் என்று சொல்லும் இந்த முனையைப் பற்றித்தான் தொடக்கநிலையில் இருப்பவர்கள் மிகுதியாக ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து. சிறிய இணைப்புக்குச் சிறிய முனை என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் கூம்பு வடிவ ஊசி முனை, தொடும் பொருளை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. வெப்பம் பாய்வதற்கு அந்தப் புள்ளி மட்டுமே வழி. மேலும், கூம்பு குறுகக் குறுக அதனூடே முனைவரை வரும் வெப்பமும் குறையும். இதனால் கருவியின் திரையில் 350 என்று காட்டினாலும் ஊசியின் நுனியில் அந்தச் சூடு நிற்பதில்லை. உருகிய சால்டரும் கூம்பின் நுனியில் நில்லாமல், அகன்ற மேற்பகுதியை நோக்கி ஏறிக்கொள்ளும். உளி வடிவ முனையோ தட்டையான பக்கத்தால் பொருளோடு ஒட்டி நிற்பதால், அதே வெப்பநிலையில் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கொடுக்கும். மாதிரி ரயில் வேலையில் 2.4 மி.மீ. உளி முனையைத் தண்டவாளத்துக்கும், 1.6 மி.மீ. உளி முனையைப் பொதுவான வயர் இணைப்புகளுக்கும் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். உளியின் தட்டைப் பக்கம் அகலமாக இருந்தாலும் அதன் ஓரமும் மூலையும் கூர்மையானவை. நுணுக்கமான இடத்தில் அயர்னைச் சற்றே திருப்பி அந்த மூலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெட்டியோடு இலவசமாக வரும் ஊசி முனையைக் கழற்றி வைத்துவிட்டு உளி முனை வாங்குங்கள் என்பதே கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது.

எனவே அயர்னைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்குப் பொருந்தும் முனைகள் நம் ஊரில் தனித்தனியாக, பல வடிவங்களில், எப்போதும் கிடைக்கின்றனவா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. பிற ஊர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் அஞ்சலில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். பெயர் தெரியாத அயர்ன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதன் முனை தேய்ந்தபின் மாற்று கிடைக்காவிட்டால் அது குப்பைக்குத்தான் போகும். இன்றைய முனைகள் தாமிரத் தண்டின்மேல் இரும்புப் பூச்சு பூசப்பட்டவை. உருகிய வெள்ளீயம் தாமிரத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளும் என்பதால்தான் இந்தப் பூச்சு. பழைய தாமிர பிட்டைச் சாணை பிடித்த பழக்கத்தில் புதிய முனையில் அரத்தையோ உப்புத்தாளையோ போட்டால், பூச்சு போய், சில நாள்களில் நுனியில் குழி விழும். ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, வேலை முடித்து அணைக்கும் முன் சிறிது சால்டர் பூசி வைப்பது போதும்.

வாங்குகிறவர் யாரும் கடையில் கவனிக்காத ஒன்று, பிடிக்கும் இடத்துக்கும் முனைக்கும் உள்ள தூரம். சாதாரண குச்சி வகை அயர்னில் கைப்பிடியைத் தாண்டி நீண்ட உலோகக் குழாய் இருக்கும்; அதில் விரல்கள் சூடு தாங்க முடிகிற இடம் முனையிலிருந்து வெகுதூரம் பின்னால் இருக்கும். கையின் சிறு நடுக்கமும் அந்த நீளத்தில் பெருகி முனையில் வந்து நிற்கும். சூடேற்றியும் முனையும் ஒன்றாக அமைந்த புதுவகை அயர்ன்களில் இந்தத் தூரம் ஏறத்தாழ பாதியாகிறது. பேனா பிடிப்பவர் நுனியைக் கட்டுப்படுத்துவதற்குச் சற்று நெருக்கமான பிடி கிடைக்கிறது. என்னைப் போல் வயதானவர்களுக்கு வாட்டைவிட இது முக்கியம். அதேபோல் வயரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விறைப்பான பி.வி.சி. வயர் கையை இழுத்துக்கொண்டே இருக்கும். சூடான முனை பட்டால் உருகியும் போகும். சிலிக்கான் உறை கொண்ட வயர் துவளும், சூட்டையும் தாங்கும். இவற்றையெல்லாம் படத்தைப் பார்த்து அறிய முடியாது என்பதால், வாய்ப்புள்ளவர்கள் நேரில் சென்று கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

நம் சந்தையில் கிடைப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாடு இல்லாத குச்சி வகையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கைப்பிடியில் ஒரு திருகி பொருத்தி, 200 முதல் 450 என்று எண்கள் அச்சிட்ட வகை ஒன்று உண்டு. அவற்றில் மலிவானவை மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கின்றனவே தவிர, முனையின் வெப்பநிலையை அளப்பதில்லை. அந்த எண்களை நம்புவதற்கில்லை. மேசைமேல் வைக்கும் ஸ்டேஷன் வகை, மின்மாற்றியும் கட்டுப்பாடும் தனிப்பெட்டியில் அமைந்தது. ஹாக்கோ நிறுவனத்தின் எஃப்.எக்ஸ்.-888டி போன்ற 70 வாட் கருவி இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. விலை கூடுதல்தான், ஆனால் பல்லாண்டுகள் உழைக்கும். சற்றுச் சிக்கனமாக முடிக்க விரும்புகிறவர்களுக்கு, டி.எஸ்.100, பைன்சில் போன்ற பேனா வகைகள் பொருத்தமானவை. இவற்றில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அவற்றின் வழக்கமான முனைகளின் மின்தடை ஏறத்தாழ 8 ஓம். 20 வோல்ட் கொடுக்கும் அடாப்டரில் இணைத்தால் 50 வாட் கிடைக்கும். அதே அயர்னை 12 வோல்ட்டில் இணைத்தால் 18 வாட்தான் மிஞ்சும். கைப்பேசியோடு வந்த சார்ஜரில் இணைத்துப் பார்த்துவிட்டு அயர்ன் சரியில்லை என்று குறைகூறுகிறவர்கள், பார்க்க வேண்டியது அயர்னை அன்று, சார்ஜரை. பைன்சில் போன்று சி வகைத் துளை கொண்டவற்றுக்கு, மடிக்கணினிக்கான, 20 வோல்ட்டில் 65 வாட் தரும் சி வகை அடாப்டர் சரியாக இருக்கும்.

மின்பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. இன்றைய மாதிரி என்ஜின்கள் பலவற்றில், தண்டவாளம் வழியே எண்முறைக் கட்டளைகளை அனுப்பும் டி.சி.சி. முறையில் இயங்கும் டிகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகை இருக்கிறது. 230 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் இருமுனைப் பிளக் கொண்ட அயர்னின் முனையில் கசிவு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்; அது மனிதருக்கு உறைக்காவிட்டாலும் டிகோடரின் சில்லுக்குக் கேடு செய்யலாம். மூன்றுமுனைப் பிளக் கொண்டதும், முனைக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருப்பதுமான அயர்னையே வாங்க வேண்டும். கையில் மல்டிமீட்டர் இருந்தால், பிளக்கைச் சுவரில் செருகாமல், அதன் எர்த் முள்ளுக்கும் அயர்னின் முனைக்கும் இடையே ஓம் அளந்து இதை உறுதிசெய்துகொள்ளலாம். பேனா வகைகளுக்கு அடாப்டர் இருமுனையாக இருக்குமானால் தனியாக ஒரு எர்த் வயர் தேவைப்படும். வீட்டுப் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது. பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும்போது என்ஜினைப் பாதையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதையும், பாதைக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டிகோடர் வேலைக்கு மட்டும் முனையின் அளவைக் குறைக்கலாம். அதன் வயர்களில் உள்ள உலோகக் கம்பி 0.2 மி.மீ. அளவே இருக்கும், என்ஜின் விளக்குக்குப் பயன்படும் 0603 வகை எல்.இ.டி. 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் கொண்டது, 0402 வகை அதிலும் சிறியது, 1 மி.மீ.க்கு அரை மி.மீ. இங்கும் ஊசி முனையை நாடாமல், 0.8 முதல் 1.2 மி.மீ. வரையுள்ள உளி முனையை 320 டிகிரியில் வைத்துக்கொண்டு, வயரையும் பலகையின் தளத்தையும் தனித்தனியாகச் சால்டர் பூசி, பின் இரண்டையும் சேர்த்து ஒரு நொடி தொட்டால் போதும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும் பொருளைப் பிடித்து நிறுத்தும் நல்ல கவ்வியும் இந்த இடத்தில் அயர்னுக்கு இணையான செலவுக்கு உரியவை.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொதுவானது. நம் நாட்டு ரயிலை மாதிரியாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு அயர்ன் இன்னும் ஒரு படி முக்கியமாகிறது. இந்திய அகலப்பாதையின் அகலம் ஐந்து அடி ஆறு அங்குலம், அதாவது 1676 மி.மீ. ஒரு அடிக்கு 3.5 மி.மீ. என்ற எச்.ஓ. கணக்கில் அது 19.25 மி.மீ. ஆகும், பிரிட்டனில் வழங்கும் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் சரியாக 22 மி.மீ. ஆனால் கடையில் கிடைக்கும் வழக்கமான பாதை, உலகின் பெரும்பகுதியில் உள்ள 1435 மி.மீ. பாதையை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட 16.5 மி.மீ. பாதைதான். அதன்மேல் நம் டபிள்யூ.டி.எம். வகை டீசல் என்ஜினை நிறுத்தினால், உடல் அகன்றும் கால்கள் ஒடுங்கியும் தோன்றும். இந்தக் குறையைப் பொறுக்காதவர்கள் பாதையைத் தாங்களே அமைக்க வேண்டும். மீட்டர் பாதைக்கு இந்தச் சிரமம் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் 1000 மி.மீ. பாதை எச்.ஓ. அளவில் 11.5 மி.மீ. ஆகிறது, சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதைகளுக்காக ஐரோப்பாவில் செய்யப்படும் 12 மி.மீ. பாதை அதற்கு வெகு நெருக்கமாகப் பொருந்தும்.

கையால் பாதை அமைக்கும் முறை பழமையானது, எளிமையானது, பொறுமையைக் கேட்பது. தாமிரத் தகடு ஒட்டிய மின்னணுப் பலகையை ஸ்லீப்பர் கட்டைகளின் அளவுக்குக் கீற்றுகளாக வெட்டிக்கொள்வார்கள். இரண்டு தண்டவாளங்களும் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டுவிடாதபடி ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் தாமிரத்தை மட்டும் கீறி எடுத்துவிடுவார்கள். பிறகு அளவுகோல் ஒன்றின் துணையோடு தண்டவாளத்தை நிறுத்தி, அதன் அடிப்பகுதியைத் தாமிரத்தோடு சால்டர் செய்வார்கள். நம் முதன்மைப் பாதைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1660 கட்டைகள் என்பது வழக்கம். 1:87 விகிதத்தில் ஒரு மீட்டர் மாதிரிப் பாதை 87 மீட்டர் உண்மைப் பாதைக்குச் சமம் என்பதால், அதில் ஏறத்தாழ 144 கட்டைகள் வரும். கட்டைக்கு இரண்டு என்றால் 288 இணைப்புகள். நான்கைந்து கட்டைகளுக்கு ஒன்றை மட்டும் தாமிரக் கீற்றாக வைத்து, மற்றவற்றைப் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ ஒட்டி, இந்த எண்ணிக்கையைக் குறைப்பவர்களும் உண்டு. எப்படியாயினும், ஒவ்வோர் இணைப்புக்கும் பத்து நொடி காத்திருக்க வேண்டிய அயர்னைக் கொண்டு இதைச் செய்து முடிக்க எவருக்கும் மனம் வராது. சூடு மீளும் வேகம் இங்கே வசதி என்ற நிலையைத் தாண்டி, வேலை முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கிறது.

பித்தளைத் தகட்டில் என்ஜின் கட்டுகிறவர்களின் தேவை வேறு. பித்தளை நிக்கல் சில்வரைவிடச் சில மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், ஓரத்தில் வைத்த சூடு முழுத் தகட்டிலும் பரவி ஓடிவிடும். அதற்கு அகன்ற, கனமான முனையும் 60 முதல் 80 வாட் வரையும் தேவை. முதலில் பற்றவைத்த துண்டு இரண்டாவதைப் பற்றவைக்கும்போது கழன்று விழாமலிருக்க, வெவ்வேறு உருகுநிலை கொண்ட சால்டர்களை உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்கு வரிசையாகப் பயன்படுத்துவார்கள். வெண்ணுலோக வார்ப்புத் துண்டுகளின் தேவை இதற்கு நேர் எதிர். அவை சற்றுச் சூடு கூடினாலே உருகிப் போய்விடுமாதலால், 70 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலந்த சால்டரைக் கொண்டு அவற்றை இணைப்பார்கள். பல ஸ்டேஷன்கள் 200 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே வெண்ணுலோக வேலையில் ஆர்வம் உள்ளவர், கருவியின் மேல்வரம்பைக் கேட்பதோடு கீழ்வரம்பையும் கேட்டுப் பின் வாங்க வேண்டும். இவ்வகைச் சால்டர்கள் சிலவற்றில் காட்மியம் இருப்பதால், அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

அயர்னுக்குச் செலவிட்டுவிட்டு சால்டரிலும், உலோகப் பரப்பைச் சுத்தமாக்கிச் சால்டர் ஒட்ட உதவும் ஃபிளக்ஸிலும் சிக்கனம் பார்ப்பது வீண். பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் தடித்த கம்பி நம் வேலைக்கு ஆகாது, 0.5 மி.மீ. கனமுள்ள, உள்ளே ரோசின் என்னும் மரப்பிசின் ஃபிளக்ஸ் நிரம்பிய 63/37 கம்பியே ஏற்றது. 60/40 கலவை 183 முதல் ஏறத்தாழ 190 டிகிரி வரை குழம்பு நிலையில் இருந்துவிட்டுப் பின் உறைவதால், அந்த நேரத்தில் பொருள் அசைந்தால் இணைப்பு பலவீனப்படும். 63/37 ஒரே வெப்பநிலையில் உருகி ஒரே வெப்பநிலையில் உறையும். காரீயம் இல்லாத கம்பிகள் 217 டிகிரியை ஒட்டி உருகுவதால் பிளாஸ்டிக்குக்கு ஆபத்து சற்றுக் கூடும்; ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் கையாளப்போகிறார்கள் என்றால் அதையே வாங்கிக் கொடுத்து, பெரியவர் ஒருவர் அருகிலிருப்பதே சரி. காரீயம் புகையாக எழுவதில்லை. விரல்கள் வழியாக வாய்க்குப் போகிறது. வேலைக்குப் பின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்னக் கூடாது. எழும் புகை ரோசினுடையது. அது தொடர்ந்து மூக்கில் ஏறினால் ஆஸ்துமா வரலாம் என்பது தொழிலிடங்களில் நன்கு அறியப்பட்ட செய்தி. ஒரு சிறிய மின்விசிறியைப் புகை முகத்தைவிட்டு விலகிப் போகும்படி வைத்தால் போதும். துத்தநாகக் குளோரைடு போன்ற அமில ஃபிளக்ஸைப் பித்தளைத் தகட்டுக்கு வைத்து, முடித்தபின் நீரில் கழுவலாம். டிகோடர் வயரிலோ பாதைக்கு மின்சாரம் கொடுக்கும் வயரிலோ அது படவே கூடாது, படிந்தால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

எல்லாத் தண்டவாள இணைப்புகளையும் சால்டர் செய்துவிட்டால் மின்சாரம் தடையின்றி ஓடும் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. நம் ஊர் வெயிலில் அதையும் அப்படியே பின்பற்ற முடியாது. நிக்கல் சில்வர் தண்டவாளம் வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் மூன்று மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. நீளும். மொட்டைமாடி அறையில் மார்கழி விடியற்காலைக்கும் கத்திரி வெயில் மதியத்துக்கும் இடையே இந்த வேறுபாடு எளிதில் வந்துவிடும். பாதையைத் தாங்கும் மரப்பலகை ஈரப்பதத்தால் அசைவது இதற்கும் மேலே. விரிவதற்கு இடமில்லாத பாதை பக்கவாட்டில் வளைந்துகொள்ளும். வளைவுகளில் மட்டும் இணைப்புகளைச் சால்டர் செய்து, நேர்ப்பாதைகளில் சிறு இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனி வயர் கொடுப்பதே நிலைக்கும். அந்த வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்திலோ அடிப்பக்கத்திலோதான் பற்றவைக்க வேண்டும். உள்பக்கத்தில் சால்டர் மேடு இருந்தால் சக்கர விளிம்பு அதில் ஏறி இறங்கும்.

வரும் வாரங்களில் பித்தளைத் தொகுப்புகளைப் பற்றி எழுதவிருப்பதாக அக்கட்டுரையின் இறுதியில் குறிப்பிட்டிருந்தார்கள். அப்போது முனையின் வடிவத்தையும் அகலத்தையும், வைக்க வேண்டிய வெப்பநிலையையும், சால்டரின் உருகுநிலையையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். வாட் எண்ணை மட்டும் வாசகர் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனால், கடைக்காரர் அந்த எண் அச்சிட்ட முதல் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
பெரம்பூர், சென்னை.